பன்னெண்டு கிலோ ஆம்புலன்ஸ்

பொம்மை ஆம்புலன்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வரணும். எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளோட நடுவுல நடந்தது இது. ஓசூர் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில டைம் ஆபீஸ் கிளார்க்கா இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் லேட்டு, யார் லீவு, இதையெல்லாம் எழுதற வேலை. யாருக்காவது அடிபட்டா அதுக்கு ஒரு ஃபாரம் உண்டு. அதை நிரப்பறதும் நான்தான். இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க கம்பெனி ஆம்புலன்ஸை ஓட்டினவர் காதர் பாய். கிருஷ்ணகிரிக்காரர். மாசக் கடைசியில ரிட்டயர் ஆகறார். இந்த மாதிரி சமயத்துல சுவர்க்கடிகாரம் குடுக்கறதுதான் வழக்கம். காலம் பூரா மணியைப் பார்த்து ஓடினவருக்கு எதுக்கு இன்னொரு கடிகாரம்னு மீட்டிங்குல ஒரு குரல் கேட்டுச்சு. அவர் ஓட்டின வண்டி மாதிரியே சின்னதா ஒரு வண்டி குடுக்கலாமேன்னும் அதே குரல் சொல்லுச்சு.

அந்தக் குரல் என்னோடதுதான்.

வெல்ஃபேர் ஆபீசர் ரொம்ப சந்தோஷப்பட்டார். நல்ல யோசனை சேகர், நீங்களே வாங்கிட்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார்.

பாய் வண்டியைப் பத்திச் சொல்லணும். வெள்ளை மெட்டடார் வேன். மூக்கே இல்லாம மூஞ்சி தட்டையா இருக்குமே, அது. ரெண்டு பக்கமும் சிவப்பு சிலுவை. அதை எழுதின பெயிண்டர் எப்படி அளந்தாரோ, இடது பக்கச் சிலுவைக்கு ஒரு கை மட்டும் நீளம். சைடு மிரரைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும். ரொம்ப நாள் ஓடின வண்டிங்கறதால ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதுக்காகப் பாய் ஒரு பலாக்கட்டை வச்சிருந்தார். வண்டி நின்ன உடனே யார் முதல்ல இறங்கறாங்களோ அவங்க கட்டையை டயருக்குப் பின்னாடி போடணும். ஒரு தடவை கை மணிக்கட்டு பிசகின பேஷண்ட்டே இறங்கி, நல்ல கையால கட்டை போட்டிருக்கார்.

இன்னொண்ணும் சொல்லணும். கம்பெனி கேட்டுல ஒரு போர்டு. 'விபத்தில்லா நாட்கள்'னு எழுதி, கீழ தினம் ஒரு நம்பர். அதை மாத்தற வேலையும் எனக்குத்தான். சட்டம் என்னன்னா, சின்னக் காயத்துக்குக் கட்டு போட்டுக்கிட்டு வேலைக்குத் திரும்பிட்டா அது கணக்கு இல்ல. ஆம்புலன்ஸ் ஆளை ஏத்திக்கிட்டு கேட்டைத் தாண்டிடுச்சுன்னா மறுபடி சைபர்ல இருந்து ஆரம்பிக்கணும். இருநூறு நாள் தாண்டிட்டா ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். மூணு அடுக்கு. அதுவரைக்கும் அந்தக் கேரியரை யாரும் பார்த்ததில்ல. நூறைத் தாண்டினதே அந்த வருஷம்தான்.

கணக்குப் பார்த்தா, இருநூறாவது நாளும் பாயோட கடைசி நாளும் ஒரே நாள்ல வருது.

பாய்க்குக் கேரியர் மேல பெரிய ஆசை இல்ல. அவர் ஆசை வேற. ஒரு நாள் டீ குடிக்கும்போது எங்கிட்ட சொன்னார்.

"எத்தனை பேரைத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடியிருக்கேன் சேகரு. விரல் போனவன், கண்ணுல தூள் அடிச்சவன். இத்தனை நாளா வண்டி காலியா நிக்குது பாரு, அதைப் பார்க்க மனசுக்கு நிம்மதியா இருக்குது. இப்படியே காலியா சாவியைக் குடுத்துட்டுப் போயிடணும்."

இவருக்கு நல்ல பொம்மையா வாங்கிக் குடுத்தே ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல ஓசூர் கடைவீதி. நாலு கடை ஏறினேன். ஃபயர் எஞ்சின் இருந்துச்சு, போலீஸ் ஜீப் இருந்துச்சு, ஆம்புலன்ஸ் இல்ல. ஒரு கடைக்காரர் பஸ்ஸைக் காட்டி, இதுக்கு வெள்ளை அடிச்சா ஆம்புலன்ஸ்தானேன்னார். ரெண்டு படிக்கட்டு, மேல லக்கேஜ் கேரியர், முன்னாடி 'சேலம்'னு போர்டு. வேணாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்குப் போனேன். அங்க ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல விளக்கமாச் சொன்னேன். கேட்டுட்டு உள்ள போனவர் டாக்டர் செட் ஒண்ணைக் கொண்டுவந்து வச்சார். ஊசி இருக்குது, ஸ்டெதஸ்கோப் இருக்குது, மருந்து பாட்டில் இருக்குதுன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறார். வண்டி எங்கங்கன்னேன். டாக்டரே வீட்டுக்கு வந்துட்டா வண்டி எதுக்குங்கன்னார். வெறுங்கையோட பஸ் ஏறினேன்.

மூணாவது வாரம் பெங்களூர். ஒரு பெரிய பொம்மைக் கடையில கடைசித் தட்டுல அது இருந்துச்சு. மெட்டடாருக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு வேன், அதே தட்டை மூஞ்சி. ஒரே குறை, அது பால் வண்டி. ரெண்டு பக்கமும் மாட்டுப் படம். மாட்டைச் சுரண்டி எடுத்துட்டு சிலுவை போட்டா வேலை முடிஞ்சுது. வாங்கிட்டேன்.

திரும்பி வர்ற பஸ்ஸுல உக்கார்ந்தப்புறம்தான் இன்னொரு குறை தெரிஞ்சுது. வண்டியைச் சாய்ச்சா உள்ள இருந்து 'ம்மா'ன்னு ஒரு சத்தம் வருது.

பஸ்ஸு ஒரு திருப்பத்துல சாய்ஞ்சா என் மடியில இருந்து ஒரு 'ம்மா'. அத்திப்பள்ளி வர்றதுக்குள்ள கன்னுக்குட்டியை ஏத்தினது யாருன்னு கண்டக்டர் கன்னடத்துல கேட்டுக்கிட்டே சீட்டுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். மாநில எல்லையில ஜூஜுவாடி செக்போஸ்ட்ல பஸ்ஸை நிறுத்தினாங்க. ஏறின ஆளு நேரா எங்கிட்ட வந்து, பொட்டியில என்னான்னார். ஆம்புலன்ஸ்ங்கன்னேன். பொட்டியைக் கையில வாங்கினார். அது 'ம்மா'ன்னுச்சு. அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்துட்டு பொட்டியைத் திருப்பிக் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டார்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டு வாசல்ல உக்கார்ந்து வேலையை ஆரம்பிச்சேன். பிளேடு வச்சுச் சுரண்டினேன், மாடு பாதிதான் போச்சு. மீதி மாட்டை எடுக்க என்ன பண்ணலாம்னு யோசிச்சப்ப எனக்கு என் புத்திசாலித்தனம் கை குடுத்துச்சு. கம்பெனி பெயிண்ட் ஷாப்புல கேட்டு ஒரு பாட்டில் தின்னர் வாங்கி வச்சிருந்தேன். இரும்பு மேல இருக்கற பெயிண்டையே அது எடுக்கும். மாட்டை எடுக்காதா?

எடுத்துச்சு. மாட்டை எடுத்துச்சு, கதவை எடுத்துச்சு, கூரையையும் எடுத்துச்சு. பிளாஸ்டிக்கைத் தின்னர் கரைச்சுடும்னு எனக்கு யாரும் சொல்லல. அஞ்சு நிமிஷத்துல வண்டி தோசை மாவு மாதிரி தரையில பரவி உக்கார்ந்துடுச்சு.

வசந்தா, என் வீட்டுக்காரி, வெளிய வந்து பார்த்தா. என்னங்க இதுன்னு கேட்டா. ஆம்புலன்ஸ்னேன். அடிபட்டது இதுதானா, இல்ல இது யாரையாவது கூப்பிட வந்துச்சான்னு கேட்டா. நான் கோவத்துல அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில போட்டேன். அது கடைசியா ஒரு தடவை 'ம்மா'ன்னுச்சு.

கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. திங்கக்கிழமை மானம் மரியாதை எல்லாத்தையும் விட்டுட்டு, அச்சும் கருவியும் செய்யற டூல் ரூமுக்குப் போனேன்.

டூல் ரூம் ஃபோர்மேன் நாராயணப்பா. ஊரு பேரிகைப் பக்கம். வீட்டுல தெலுங்கு, கடையில கன்னடம், எங்ககிட்ட தமிழ், மெஷின்கிட்ட மூணும் பேசுவார். கதையை முழுசாக் கேட்டார். சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் வெக்கமா இருந்துச்சு.

"பொம்மையைக் கடையில வாங்குவாங்களா சார்? நாங்க எதுக்கு இருக்கறோம்?"

அன்னிக்கு மத்தியானமே டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரோட போய் மெட்டடாரை அளந்தார். என்னத்துக்குன்னு பாய் கேட்டதுக்கு, வண்டி சுருங்கியிருக்குதான்னு பார்க்கறோம்னார். பாயும் சரின்னுட்டார். இருபதுல ஒரு பங்குன்னு டிராயிங் போட்டாங்க. ஒரு சாண் நீளம் வரும். தகரத்தை வெட்டி ஒட்டுவாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

டூல் ரூம்காரங்களைப் பத்தி எனக்கு அப்பத் தெரியாது. அவங்க கைக்குத் தகரம்னா கேவலம். அச்சு செஞ்சு மிச்சமான ஒரு ஸ்டீல் கட்டி கிடந்துச்சு. அதை எடுத்து மில்லிங் மெஷின்ல ஏத்திச் செதுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே கட்டியில இருந்து முழு வண்டி. தினம் சாப்பாட்டு நேரத்துல போய்ப் பார்ப்பேன். ஜன்னல் வந்துச்சு, சிலுவை வந்துச்சு, இடது பக்கச் சிலுவைக்கு ஒரு கை சரியா அரை மில்லிமீட்டர் நீளம். மிரருக்கு முடி மாதிரி கம்பி. நாலு சக்கரத்துக்கும் பால் பேரிங் போட்டிருந்தாங்க. விரலால தட்டினா சக்கரம் நான் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்குது.

"அண்ணே, பேரிங் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"வண்டின்னா ஓடணும் சார்"னார்.

அடுத்த நாள் பேச்சு வேற மாதிரி போச்சு. இதைச் சூளையில போட்டு இன்னும் கெட்டியாக ஹார்டனிங் குடுக்கலாமா, குடுத்தா சிலுவை வளையுமான்னு நாலு பேர் உக்கார்ந்து வாதம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. இது அலமாரியில வைக்கப்போற பொம்மைண்ணேன்னு கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். அப்புறம் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க விடமாட்டேங்கறாங்க. கிரைண்டிங் பண்ணிக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கறோம், அது மேல பெயிண்டான்னு ஒருத்தர் அழாத குறை. அதுக்கு ஒரு நாள் போச்சு.

எல்லாம் முடிஞ்சு மேசை மேல வச்சாங்க. அச்சு அசல் பாய் வண்டி. நான் ஆசையா ஒரு கையால தூக்கப் போனேன். நான்தான் கீழ குனிஞ்சேன், அது மேல வரல. எடை போட்டோம். பன்னெண்டு கிலோ.

"ஒரிஜினல்ல ஹேண்ட் பிரேக் பிடிக்காது. அதனால இதுலயும் வைக்கல"ன்னார் நாராயணப்பா. "அப்ப கட்டை வேணும். மரவேலை எங்க கைக்கு வராது சார். அதை மட்டும் நீங்க செஞ்சுட்டு வாங்க. மேசையில வச்ச உடனே முதல் வேலையா டயருக்கு முட்டுக் குடுத்துடணும்."

நாலு தடவை சொன்னார். எனக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு. இந்த மொத்த வேலையில என் பங்குன்னு ஒண்ணு வேணுமே. வீட்டுல துணி மாட்டற மரக்கிளிப்பை எடுத்து வெட்டினேன். ஏழு கிளிப் போச்சு, ரெண்டு விரல்ல ரத்தம் வந்துச்சு, வசந்தா துணியை எல்லாம் முடிச்சுப் போட்டுக் காயவச்சா. எட்டாவது கிளிப்புல அழகா ஒரு கட்டை வந்துச்சு. சுண்டு விரல் நகம் அளவு. பலாக்கட்டை கலர் வரணும்னு மஞ்சள் கூடத் தடவினேன்.

கடைசி நாள் வந்துச்சு. போர்டுல நூத்தித் தொண்ணூத்தி ஒம்போது. சாயங்காலம் நாலு மணிக்கு விழா, அது முடிஞ்சதும் நான் போய் இருநூறுன்னு எழுதணும். கேரியர் எல்லாம் பெட்டி பெட்டியா ஸ்டோர்ஸ்ல வந்து இறங்கியிருந்துச்சு. அன்னிக்கு ஷிஃப்டுல எல்லாரும் மெஷினைத் தொடவே பயந்தாங்க. ஒருத்தரும் பேப்பர் கட் பண்ணக் கூட கத்திரிக்கோல் எடுக்கல.

விழாவுக்குன்னு நான் புதுச்செருப்பு போட்டுக்கிட்டு வந்திருந்தேன்.

கேண்டீன்ல ஒரு சன்மைக்கா மேசையில துணி மூடி வண்டியை வச்சாங்க. ஸ்டோர்ஸ்ல இருந்து டிராலியில தள்ளிக்கிட்டு வந்தாங்க, தூக்க ரெண்டு பேர். புது வண்டின்னா எலுமிச்சம்பழம் வைக்காம நகர்த்தக் கூடாதுன்னு நாராயணப்பா நாலு சக்கரத்துக்கும் நாலு குட்டிப் பழம் வச்சார். வச்சுட்டு என்னைப் பார்த்து, கட்டைன்னு கண்ணைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

ஆனா போடல. ஏன்னா எனக்கு ஒரு திட்டம் இருந்துச்சு. பாய் வண்டியைப் பார்த்து உருகி நிக்கறப்ப, 'ஒண்ணே ஒண்ணு குறையுது பாய்'னு சொல்லி, பாக்கெட்டுல இருந்து கட்டையை எடுத்து நீட்டணும். கைத்தட்டல் பிச்சுக்கிட்டுப் போகும். முன்னாடியே போட்டுட்டா அதை யாரு பார்ப்பாங்க? பழம்தான் பிடிச்சுக்கிட்டிருக்குதேன்னு விட்டுட்டேன்.

துணியை எடுத்தாங்க. பாய் குனிஞ்சு பார்த்தார். முதல்ல சிலுவையோட நீளக் கையைத் தடவினார். அப்புறம் மிரர்ல இருந்த கம்பியைத் தொட்டார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு மறுபடி பார்த்தார். இதுதான் சமயம்னு நான் பாக்கெட்டுல கையை விட்டேன்.

அதுக்குள்ள மேனேஜர், பாய், உங்க கையாலயே வண்டியை எடுங்கன்னுட்டார்.

பாய் ஒரே ஒரு விரலால தள்ளினார்.

பன்னெண்டு கிலோ ஏறினா குட்டி எலுமிச்சம்பழம் என்ன ஆகும்? நாலும் ஒரே நேரத்துல நசுங்குச்சு. சாறு சன்மைக்காவுல ஓடுச்சு. கேண்டீன் தரை, கழுவிவிடறதுக்காக ஒரு பக்கம் சரிவாப் போட்டிருப்பாங்க. மேசையும் அதே சரிவுல நிக்குது. பால் பேரிங் அதோட வேலையை நல்லாப் பண்ணுச்சு. சத்தமே இல்லாம வண்டி கிளம்பி மேசை ஓரத்துக்கு வந்துடுச்சு.

"சார், கட்டை!"ன்னு நாராயணப்பா கத்தினது கேட்டுச்சு.

கட்டை என் கையில இருந்துச்சு. என் கை பாக்கெட்டுக்குள்ள இருந்துச்சு. கால் மட்டும்தான் வெளிய இருந்துச்சு, புதுச்செருப்போட, மேசைக்கு நேர் கீழ.

வலி எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. கண்ணைத் திறந்தப்ப ஒருத்தரும் என்னைப் பார்க்கல. முன்னூறு பேரும் ஜன்னல் வழியா கேட்டுல இருக்கற போர்டைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

வெல்ஃபேர் ஆபீசர் மெதுவா வந்து, வலிக்குதா சேகர்னு கேட்டார். அவர் முகத்துல, இல்லைன்னு சொல்லுடாப்பான்னு எழுதியிருந்துச்சு. இல்ல சார்னேன். எழுந்து ரெண்டு அடி வச்சேன். நடக்கறாரு பாருங்க, நல்லா நடக்கறாருன்னு பின்னாடி இருந்து உற்சாகப்படுத்தினாங்க. மூணாவது அடியில உக்கார்ந்துட்டேன். கட்டைவிரல் கத்தரிக்கா மாதிரி ஆயிடுச்சு.

அப்பத்தான் ஆளாளுக்கு யோசனை. சைக்கிள்ல உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போலாம், ஆம்புலன்ஸ் ஏறினாத்தானே கணக்குன்னு ஒருத்தர். ஷிஃப்ட் முடிய அரை மணிதான் இருக்குது, ஐஸ் வச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கட்டும், வெளிய போய் விழுந்ததா வச்சுக்கலாம்னு இன்னொருத்தர். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பாய் ஆசையைக் கெடுக்கறதுக்குப் பதிலா அரை மணி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம்.

பாய் கிட்ட வந்து என் காலைப் பார்த்தார். செருப்பை மெதுவாக் கழட்டினார். அப்புறம் மேனேஜர் பக்கம் திரும்பி கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார்."

காலையிலயே சாவியை ஒப்படைச்சுட்டார் அவர். நான், வேணாம் பாய், இருநூறு போயிடும், உங்க வண்டி காலியா இருக்கட்டும்னு கெஞ்சினேன்.

"கால் ஒடிஞ்சவனை உக்கார வச்சுட்டு வண்டி காலியா நின்னா அது ஆம்புலன்ஸாடா?"ன்னார். "ஏறு."

ஏத்தினாங்க. கேட்டைத் தாண்டறப்ப நான் போர்டைப் பார்க்காம கண்ணை மூடிக்கிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் ஒரு ஏத்தத்துல இருந்துச்சு. பாய் வண்டியை நிறுத்திட்டு பழக்கத்துல, கட்டை போடுன்னார். போட ஆள் இல்ல, உள்ள நான் ஒருத்தன்தான். அப்புறம் அவருக்கே ஞாபகம் வந்துச்சு. காலையில சாவியோட சேர்த்து கட்டையையும் ஸ்டோர்ஸ்ல ஒப்படைச்சிருக்கார். பிரேக்குல இருந்து காலை எடுத்தா வண்டி பின்னாடி உருண்டுடும். அவரால இறங்க முடியாது. என்னாலயும் இறங்க முடியாது.

நான் மெதுவா பாக்கெட்டுல இருந்து என் கட்டையை எடுத்து நீட்டினேன்.

சுண்டு விரல் நகம் அளவு, மஞ்சள் தடவினது. பாய் அதை உள்ளங்கையில வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். வயசான மனுஷன், ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறார், கால் மட்டும் பிரேக்கை விடல. நானும் வலியில அழுதுக்கிட்டே சிரிச்சேன். உள்ள இருந்து ஆள் வந்து தூக்கிக்கிட்டுப் போற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியேதான் இருந்தோம்.

ஃபாரத்தை மாவுக்கட்டோட உக்கார்ந்து நான்தான் நிரப்பினேன். விபத்துக்குக் காரணமான இயந்திரம்னு ஒரு கட்டம். ஆம்புலன்ஸ்னு எழுதினேன். மேனேஜர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டு மூணாவது தடவை கையெழுத்துப் போட்டார். போர்டுல சைபர் போட ஒரு காலோட ஏணி ஏற முடியாதுங்கறதால நாராயணப்பா போட்டார். ஆறு மாசத்துக்கு கேண்டீன்ல எனக்கு ரெண்டாவது கரண்டி சாம்பார் யாரும் ஊத்தல.

அப்புறம் ஒரு வழியா மறுபடி இருநூறு வந்துச்சு. எனக்கும் ஒரு கேரியர் குடுத்தாங்க. அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல. அன்னிக்கே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி பாய் வீட்டுக்குப் போனேன். வாசல்ல இருந்தே தெரிஞ்சுது, கூடத்துல ஷோகேஸ் மேல வெள்ளை மெட்டடார். பின் டயருக்குப் பின்னாடி என் மஞ்சள் கட்டை.

இது உங்களுதுதான் பாய்னு கேரியரை நீட்டிக்கிட்டே வாசப்படியில குனிஞ்சு, அந்த விபத்துக்கப்புறம் செருப்பை விட்டுட்டு மாட்டிக்கிட்ட ஷூவோட லேஸை அவுக்கப் போனேன்.

"எல்லாரும் கழட்டிட்டுதான் உள்ள வரணும்"னார் பாய். "நீ மட்டும் ஷூவோட வா."